விண்டோஸ் 10: மாற்றுவதா, வைத்திருப்பதா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலையும் அந்தக் கணினிகள் வழமைபோலவே இயங்கின. அதனால்தான் இதில் என்ன அவசரம் என்று பலருக்கு விளங்கவில்லை. எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்தவை. காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள், காணிக்காக அலைபவர்கள், சிறிய பெண்கள் சங்கங்கள் என்று செய்திக்காகப் போய்ப் பழகிய ஆட்கள். ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டதுதான் எல்லோருடைய கேள்வியும்: "தங்கச்சி, புதுசு வாங்கச் சொல்லுறாங்கள். காசு கிடந்தா அதைப் பாப்பம். ஆனா மாத்தினா உள்ளுக்குக் கிடக்கிறது எல்லாம் அப்பிடியே இருக்குமோ?"

அவர் கேட்டது சரியான கேள்வி. கடைக்காரர்கள் கணினியின் வயதைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் ஆபத்து எது என்று பார்ப்போம். மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட் என்பது கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் அடித்தளத்தில் பெரும் பகுதி பொதுவானது. விண்டோஸ் 11இல் ஒரு ஓட்டையை அடைக்கும்போது, எந்த இடம் அடைக்கப்பட்டது என்பதை ஆராய்ந்து, அதே ஓட்டை பழையதில் திறந்தே கிடப்பதைக் கண்டுபிடிக்க முடியும். அப்டேட் போடாமல் விடுவதன் விலை என்ன என்பதை 2017இல் உலகம் கண்டது. அந்த ஆண்டு மார்ச் 14ஆம் திகதி மைக்ரோசொப்ட் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டது. மே 12ஆம் திகதி அதே ஓட்டை வழியாக 'வனாகிரை' பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை அது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் வரை முடங்கின. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் இரண்டு மாதங்களாக அந்த அப்டேட்டைப் போடாமல் இருந்தவர்கள்.

"டிபென்டர் இன்னும் அப்டேட் ஆகுதுதானே" என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். வைரஸை அடையாளம் காணும் அந்தப் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை விண்டோஸ் 10க்கும் வரும். ஆனால் அது வாசலில் நிற்கும் காவலாளி. சுவரில் உள்ள ஓட்டையை அவர் அடைப்பதில்லை.

வீட்டில் பிள்ளை படம் பார்க்கவும் சூம் வகுப்புக்கும் பயன்படும் கணினியென்றால் இதற்காகப் பதறத் தேவையில்லை. நான் கவலைப்படுவது வேறு வகைக் கணினிகளைப் பற்றி. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, பிறகு 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் எங்கள் சனம் அதே கடிதங்களை, அதே படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் பற்றுச்சீட்டு, சத்தியக்கடதாசி, வவுனியா முகாமில் கொடுத்த அட்டை. மூலப்பிரதி உக்கிப் போயிருக்கும், அல்லது ஏதோ ஒரு அலுவலகத்தில் போயிருக்கும். மிஞ்சியது யாரோ ஒருவரின் கணினியில் உள்ள ஸ்கேன் பிரதி மட்டும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் அப்படியொரு சங்கத்தின் கணினியைப் பார்த்தேன். உதவி நிறுவனம் ஒன்று 2013இல் கொடுத்தது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி நினைவகம். பக்கத்தில் அதைவிட மூத்த ஒரு ஸ்கேனர். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கோப்புகள் டெஸ்க்டொப்பில் பெயர் பெயராகக் கிடந்தன. இணையத்துக்குச் செயலாளரின் போன் ஹொட்ஸ்பொட். "இதுக்குள்ள கிடக்கிறது போனா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்றார் செயலாளர்.

அந்தக் கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், அதாவது 2017இன் பிற்பகுதிக்குப் பின் வந்தவை. அத்துடன் 64 பிட், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம், செக்கியூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. மைக்ரோசொப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருள் ஒரு நிமிடத்தில் ஏறுமா ஏறாதா என்று சொல்லிவிடும். அது "டிபிஎம் இல்லை" என்று சொன்னவுடன் கணினியை விற்றுவிடாதீர்கள். 2018க்குப் பின் வந்த பல கணினிகளில் அந்த வசதி இருக்கும், பயோஸில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். திறந்துவிட்டாலே போதும்.

தகுதியுள்ள கணினி என்றால் என் பதில் சுருக்கமானது: மாற்றுங்கள், இலவசம்தான். ஆனால் எப்படி மாற்றுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். விண்டோஸின் உள்ளிருந்தே அப்கிரேட் செய்தால் கோப்புகள், எழுத்துருக்கள், மென்பொருட்கள் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் திரும்பிவரலாம். கடைகளில் பெரும்பாலும் செய்வது அதுவல்ல. "போர்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தாறம்" என்பார்கள். சீ டிரைவ் துடைக்கப்படும். டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் இருப்பது சீ டிரைவில்தான் என்பது கொடுத்தவருக்குத் தெரிந்திருக்காது, கடைப் பெடியன் கேட்கவும் மாட்டான். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் எப்படியும் புதிதாகத்தான் நிறுவ வேண்டும், வேறு வழியில்லை.

தகுதியில்லாத கணினிக்கு ஒரு வருட அவகாசம் உண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் 2026 ஒக்டோபர் 13 வரை அடைப்புகள் வரும். 30 டொலர் கட்டலாம். அல்லது மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றில் நுழைந்து, விண்டோஸ் பக்கப் மூலம் கணினியின் அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் பகுதியிலேயே பதிவுசெய்யும் இணைப்பு இருக்கும். 'பக்கப்' என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். அங்கே போவது அமைப்புகள். உங்கள் ஸ்கேன் பிரதிகள் முழுவதையும் அது காப்பாற்றாது. இலவசமாகக் கிடைக்கும் வன்டிரைவ் இடம் 5 ஜிபிதான். சாட்சியங்களை அந்நிய நிறுவனமொன்றின் சேவையகத்தில் வைப்பதா என்பது வேறு கேள்வி. அமைப்புகளை மட்டும் அனுப்பி, கோப்புறைகளை அனுப்பாமல் விடலாம்.

ரூபஸ் என்ற மென்பொருளால் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் இப்படி ஏற்றிய கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் தருவதாக மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாற்றுகிறோம்? வீட்டுக் கணினியில் செய்து பார்க்கலாம், சங்கத்துக் கணினியில் வேண்டாம். எங்கள் கடைகளில் போடும் கள்ள விண்டோஸையும் இங்கே சொல்ல வேண்டும். அதை அக்டிவேட் பண்ணும் சிறு மென்பொருளுக்காக டிபென்டரை நிறுத்திவிட்டே போடுகிறார்கள். அப்படிப்பட்ட கணினியில் 10ஆ 11ஆ என்று விவாதிப்பதில் பெரிய பயன் இல்லை.

லினக்ஸ் நல்ல வழி. பத்து வருடப் பழைய கணினியிலும் லினக்ஸ் மின்ட் ஓடும், இலவசம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் அதைப் பாவிப்பவர் பழக வேண்டும், பழுதானால் பார்க்க ஊரில் ஒருவர் வேண்டும். இரண்டும் இருந்தால் தயங்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: பாமினி. பாமினியில் தட்டச்சிட்ட கோப்பு, கணினியைப் பொறுத்தவரை தமிழ் அல்ல. அது ஆங்கில எழுத்துக்களின் வரிசை, பாமினி அதன்மேல் தமிழ் முகத்தைப் போர்த்துகிறது. புதிய கணினியில் பாமினி இல்லாவிட்டால் சத்தியக்கடதாசி முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். அழிக்கத் தேவையில்லை. எழுத்துருவை நிறுவினால் திரும்ப வரும், விண்டோஸ் 11இலும் லினக்ஸிலும் பாமினி வேலை செய்யும். ஆகவே எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பிரதி எடுங்கள்.

யுனிகோடுக்கு மாற்றினால் பெயரைத் தட்டித் தேட முடியும் என்ற பெரிய நன்மை உண்டு. ஆனால் மாற்றிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. எங்கள் செய்தித்தளங்களில் "1இ000 ரூபா" என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது இப்படி வந்ததுதான். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே முறையில் பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் 'வி' என்ற ஆங்கில எழுத்து 'ஏ' ஆகிவிடும், 'எக்ஸ்' என்பது 'ஓ' ஆகிவிடும். காணாமலாக்கப்பட்ட ஒருவரின் அட்டை இலக்கம் பிழைத்துப்போனால் அதைச் சிரித்துக் கடக்க முடியாது. மாற்றிய கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள், பழையதை வைத்திருங்கள். பழைய கணினியிலேயே திறந்து, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎப் ஒன்றும் எடுங்கள்.

கோப்புகளைப் பூட்டுவது பற்றியும் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கு வந்து விபரம் கேட்பவர்கள் இருக்கும் இடத்தில் குறியாக்கம் நல்லதுதான், கணினியை எடுத்துப்போனாலும் திறக்க முடியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்தால், பல கணினிகளில் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடும். அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் திறந்து தந்திருந்தால், உங்கள் கோப்புகளின் சாவி அவரிடம். கடவுச்சொல்லை அவரும் மறந்துவிட்டால் எவரிடமும் இல்லை. சாவியைத் தாளில் அச்சிட்டு எடுங்கள்.

அந்தச் சங்கத்தில் கடைசியில் என்ன செய்தோம் என்று கேட்கிறார்கள். பழைய கணினியை இணையத்திலிருந்து முற்றாகத் துண்டித்தோம். விண்டோஸ் 10, பாமினி, ஸ்கேனர் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அந்த ஸ்கேனருக்கு 64 பிட் மென்பொருள் கிடையாது, ஆகவே வேறு கணினிக்கு மாற்றினால் அது வெறும் பெட்டி. மின்னஞ்சலுக்கு எட்டாம் தலைமுறை மடிக்கணினி ஒன்றைப் பாவித்த விலைக்கு வாங்கி, விண்டோஸ் 11 போட்டார்கள். கோப்புகள் இரண்டு வெளி ஹாட் டிஸ்க்குகளில் ஏறின. ஒன்று சங்கத்தில், மற்றையது வேறு ஊரில், வெள்ளம் ஏறாத ஒரு வீட்டில். பிரதி எடுத்த பின் இருபது கோப்புகளைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பார்த்தோம், மூன்று திறக்கவில்லை. பழைய கணினியில் இன்னும் அவை இருந்தபடியால் மறுபடி எடுக்க முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு டிஸ்க்குகளையும் செருகிப் பார்ப்பது இப்போது செயலாளரின் வேலை. சுவர்க் கலண்டரில் அந்த நாட்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.