பட்டா இல்லாத தோட்டம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக இருந்தவர் எடி கொய்க்கி மாபோ. 1974 வாக்கில் ஒருநாள், ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் என்ற இரு வரலாற்று ஆசிரியர்களிடம் டோரஸ் நீரிணையின் மெர் தீவில் தன் குடும்பத்துக்குள்ள நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சட்டப்படி அந்த நிலம் அவருடையதல்ல, அரசுடையது என்று அவர்கள் எடுத்துச் சொன்னபோது மாபோவால் அதை நம்பவே முடியவில்லை.

குயின்ஸ்லாந்து 1879-இல் அந்தத் தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. வெள்ளையர் வருமுன் ஆஸ்திரேலிய மண்ணுக்கு உரிமையாளரே இல்லை என்பது அன்றைய சட்டம். ஒரு கண்டத்தையே புறம்போக்காக எழுதி வைத்துவிட்டார்கள்.

மெர் தீவிலோ கிழங்கும் வாழையும் விளையும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் எல்லை உண்டு. நட்ட கல், நின்ற மரம், மேட்டின் விளிம்பு ஆகியவையே அதற்குச் சாட்சி. பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து, இதுவரை நம்முடையது, அதற்கப்பால் இன்னாருடையது என்று காட்டிக்கொடுப்பார்கள். அடுத்தவர் மண்ணில் கால் வைக்காதே, அடுத்தவர் பொருளில் கை வைக்காதே என்பது அவர்களுடைய மாலோ தெய்வத்தின் கட்டளை.

1982 மே மாதம் மாபோவும் தீவினர் நால்வரும் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, தீவினருக்கு உரிமை ஏதேனும் இருந்தால் அதையும் நஷ்டஈடின்றி ரத்து செய்யும் சட்டத்தை 1985-இல் குயின்ஸ்லாந்து நிறைவேற்றியது. இதைவிடப் பச்சையான அநியாயம் உண்டா? இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று 1988-இல் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

சாட்சிக் கூண்டில்தான் உண்மையான சோதனை காத்திருந்தது. தாத்தா சொன்னதை மாபோ எடுத்துச் சொல்லும்போதெல்லாம், பிறர் சொல்லக் கேட்டது சாட்சியமாகாது என்று அரசு வழக்கறிஞர்கள் ஆட்சேபித்தார்கள். ஏட்டில் எழுதாத சமூகத்துக்குத் தாத்தாவின் வாய்ச்சொல்தானே பத்திரம்! தலைமை நீதிமன்றத்துக்காகச் சாட்சியங்களை விசாரித்த நீதிபதி மொய்னிஹன் 1990-இல் மாபோவின் சொந்த நில உரிமையை ஏற்கவில்லை. மாமன் பென்னி மாபோவின் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர் எடி மாபோ. அந்த வாரிசுரிமை நிரூபிக்கப்படவில்லை என்றார் நீதிபதி. எந்தத் தோட்டத்துக்காகக் கிளம்பினாரோ, அந்தத் தோட்டத்தையே அவர் சட்டத்தின் முன் இழந்தார். ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. மெர் தீவின் மெரியம் மக்கள் அனைவரின் உரிமையும் அதில் அடங்கியிருந்தது.

1992 ஜனவரி 21 அன்று புற்றுநோய் மாபோவைக் கொண்டுபோனது. ஜூன் 3 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், வெள்ளையர் வருகைக்கு முன்பிருந்தே தொடரும் பூர்வகுடிகளின் நில உரிமை உயிரோடுதான் இருக்கிறது என்றார்கள். 1993-இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது.

எல்லோருக்கும் அது கைகொடுக்கவில்லை. அரசு ஏற்கெனவே தனியாருக்கு முழு உரிமையோடு கொடுத்துவிட்ட நிலத்தை அந்தச் சட்டத்தால் மீட்க முடியாது. வழிவழியாக மண்ணோடு தொடர்பு அறுபடவில்லை என்று மக்களே நிரூபிக்கவும் வேண்டும். மெர் தீவினர் தங்கள் தோட்டங்களிலேயே வாழ்ந்துவந்ததால் அது முடிந்தது. முர்ரே ஆற்றங்கரையிலிருந்து துரத்தப்பட்ட யோர்ட்டா யோர்ட்டா மக்களிடமும் அதே நிரூபணத்தைக் கேட்டார்கள். 2002-இல் முடிந்த அவர்களுடைய வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)