மண்ணீரல் கதிர்வீச்சு மருத்துவத்தின் வரலாறு

மண்ணீரல் கதிர்வீச்சு மருத்துவம் என்பது, நோயினால் பெருத்து அளவுமீறி இயங்கும் மண்ணீரலின் மீது எக்சு-கதிர்களைச் செலுத்தி அதைச் சுருங்கச் செய்யும் முறையாகும். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எதுவும் சரிவரப் பயன்படாத காலத்தில் இதுவே முதன்மையான மருத்துவமாக விளங்கியது.

மண்ணீரல் பெருத்தல்

மண்ணீரல் வயிற்றின் இடப்பக்க மேற்பகுதியில், விலா எலும்புகளுக்குள் அடங்கியிருக்கும் உறுப்பு. வளர்ந்தவர்களில் இதன் எடை ஏறத்தாழ 150 கிராம். முதிர்ந்த சிவப்பணுக்களை அழிப்பது இதன் பணிகளுள் ஒன்று. நாட்பட்ட இரத்தப் புற்றுநோய், எலும்பு மச்சை நாராதல் போன்ற நோய்களில் இது பல கிலோகிராம் எடைக்கு வளரக்கூடும். அப்போது நல்ல இரத்த அணுக்களையும் தட்டணுக்களையும் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். இதனால் இரத்தசோகை, நோய்த்தொற்று, இரத்தக்கசிவு ஆகியவை ஏற்படுகின்றன. இரைப்பை அழுத்தப்படுவதால் சில கவளம் உண்டதுமே வயிறு நிறைந்துவிடும்.

தொடக்கம்

எக்சு-கதிர்களை ரோண்ட்கன் 1895-இல் செருமனியில் கண்டறிந்தார். எட்டு ஆண்டுகளுக்குள், 1903-இல், இரத்தப் புற்றுநோயால் மண்ணீரல் வீங்கிய ஒருவருக்கு இக்கதிர்களால் நலம் கிடைத்ததாகச் சிகாகோ நகர அறுவை மருத்துவர் நிக்கோலசு சென் அறிவித்தார். அதே ஆண்டில் செருமானிய மருத்துவர் எர்மன் ஐனெக், மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் உள்ள உயிரணுக்கள் இக்கதிர்களால் எளிதில் அழிவதை விலங்குகளில் காட்டினார். மண்ணீரலில் மட்டும் கதிர் பட்டாலும் உடல் முழுவதும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை குறைந்தது மருத்துவர்களை வியக்க வைத்தது.

நிவாரணமா, குணமா?

வீக்கம் வற்றியதும் நோயாளிகள் எழுந்து நடமாடினர், பசித்து உண்டனர். ஆனால் நோய் மீண்டும் வந்தது. அமெரிக்க மருத்துவர் சியார்ச் மைனாட்டும் அவருடைய குழுவினரும் 1924-இல் வெளியிட்ட ஆய்வு, கதிர்வீச்சு வாழ்நாளைப் பெரிதாக நீட்டுவதில்லை என்றும், வாழும் நாட்களில் உழைக்கும் ஆற்றலைத் தருகிறது என்றும் காட்டியது. இந்த மைனாட்டே பின்னர் 1934-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

பின்னடைவும் இன்றைய நிலையும்

1953-இல் புசல்பான் என்னும் மாத்திரை அறிமுகமானது. அதை உட்கொண்டோர் கதிர்வீச்சு பெற்றோரைவிட நீண்ட நாள் வாழ்ந்தனர் என்பதைப் பிரித்தானிய ஆய்வு ஒன்று 1968-இல் உறுதிசெய்தது. 2001-இல் வந்த இமாட்டினிப் இந்நோயின் போக்கையே மாற்றிவிட்டது.

இருப்பினும் இம்முறை வழக்கொழியவில்லை. மருந்து பயன் தராத, அறுவையைத் தாங்கும் வலுவில்லாத நோயாளிகளுக்கு இன்றும் மிகச் சிறிய அளவுகளில் கதிர் செலுத்தப்படுகிறது. ஒரு வேளைக்கு ஒரு கிரே அல்லது அதற்கும் குறைவாகவே அளிப்பர். அளவு மிகுந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும் என்பதால் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்துகொண்டே மருத்துவத்தைத் தொடர்கின்றனர். பயன் பெரும்பாலும் சில மாதங்களே நீடிக்கும். எனினும் வலியின்றி உண்ணவும் உறங்கவும் முடிகிற அந்த மாதங்கள் நோயாளிக்குப் பெரிது.