அச்சமும் மருட்கையும்: தமிழில் திகில் கதை வளர்ந்த வரலாறு



நம் காலனி இளைஞர் சிலர் சிறுகதைத் தொகுதி ஒன்று வெளியிடக் கருதி, உறுப்பினர் அனைவரிடமும் கதை வேண்டிச் சுற்றறிக்கை விடுத்துள்ளனர். கதை திகில் கதையாதல் வேண்டும். அதிலும், பேய் வந்து அறைந்தது, மந்திரவாதி வந்து ஓட்டினான் என்று முடிவதாய் இராமல், எல்லையற்ற இவ்வண்டத்தின்முன் மனிதன் எத்துணைச் சிறியவன் என்று உணர்ந்து நடுங்குவதாய் இருத்தல் வேண்டும். மேலும், பிறரிடமிருந்து எடுத்தாளாத சொந்தக் கதையாதலும் வேண்டும். இவையே அவர்கள் விதித்த நெறிகள்.

சுற்றறிக்கையைக் கண்ட பெரியவர் ஒருவர், "தம்பி, இஃது அமெரிக்கச் சரக்கு அன்றோ? நமக்கும் இதற்கும் என்ன உறவு?" என்று என்னை வினவினார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. யான் புலவன் அல்லேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவன். ஆயினும் பெரியவரின் வினா என்னை விடவில்லை. தேடிப் படித்ததில் கண்டவற்றை ஈண்டு உங்கள்முன் வைக்கின்றேன்.

இலக்கணம் கூறும் அச்சம்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்தார். அவற்றுள் அச்சமும் ஒன்று. மருட்கை என்னும் வியப்பும் ஒன்று. அச்சம் நான்கு வழியாகப் பிறக்கும் என்பது அவர் முடிபு. வருத்தும் தெய்வமாகிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அந்நான்கு. மருட்கையும் நான்கு வழியாகப் பிறக்கும். முன் காணாத புதுமை, அளவிறந்த பெருமை, நுண்ணிய சிறுமை, ஒன்று பிறிதொன்றாய் மாறும் ஆக்கம் என்பன அவை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பேய்க்கு அஞ்சுவது அச்சம். பேரண்டத்தைக் கண்டு வியப்பது மருட்கை. அச்சமும் மருட்கையும் ஒரே நெஞ்சில் ஒரே நொடியில் எழுமாயின், அதுவே நம் இளைஞர் கேட்கும் கதையின் சுவை. இதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் அண்மைக் காலத்தவர். அதன் இரு கூறுகளையும் பிரித்து இலக்கணம் கண்டவரோ நம் முன்னோர்.

சக்கரவாளக் கோட்டம்

இலக்கணம் உண்டெனின் இலக்கியமும் இருத்தல் வேண்டும் அன்றோ? மணிமேகலையின் ஆறாம் காதையைப் புரட்டினேன், வியந்துபோனேன்.

புகார் நகரத்தை அடுத்து ஒரு சுடுகாடு. ஊரார் அதனைச் சுடுகாட்டுக் கோட்டம் என்றே வழங்கினர். மணிமேகலா தெய்வமோ அதனைச் சக்கரவாளக் கோட்டம் என்று குறிப்பிடுகின்றது. சக்கரவாளம் என்பது உலகத் தொகுதி முழுவதையும் குறிக்கும் சொல். பிணம் சுடும் இடத்திற்கு அண்டத்தின் பெயர் எவ்வாறு வந்தது என்று சுதமதி வினவ, தெய்வம் பழங்கதை ஒன்றைக் கூறுகின்றது.

சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே அச்சுடுகாட்டு வழியாக வந்தான். அங்கே ஒரு பேய்மகள் பிணத்தின் தலையைக் கையிலேந்திக் களித்தாடக் கண்டான். அலறி ஓடி வீடடைந்து, பேய் தன் உயிரைக் கவர்ந்தது என்று தாயிடம் கூறி வீழ்ந்து இறந்தான். தாய் கோதமை கண்ணிழந்தவள். இறந்த மகனைத் தழுவி எடுத்துக்கொண்டு, சம்பாபதித் தெய்வத்தின் வாயிலில் நின்று முறையிட்டாள். தன் உயிரை வாங்கிக்கொண்டு மகனுயிரைத் தருமாறு வேண்டினாள்.

இதுவரை இது பாட்டி கூறும் பேய்க்கதை. இனி வருவதே நாம் கருதத்தக்கது. போன உயிர் வினைவழியே சென்றது. அதனை மீட்பது எந்தத் தெய்வத்திற்கும் இயலாது என்கின்றாள் சம்பாபதி. கோதமை நம்பவில்லை. ஆகவே சம்பாபதி அண்டத்திலுள்ள தெய்வங்கள் அனைத்தையும் அச்சுடுகாட்டில் கொணர்ந்து நிறுத்துகின்றாள். உருவமற்ற பிரமர் நால்வகையினர், உருவமுடைய பிரமர் பதினாறு வகையினர், ஞாயிறும் திங்களும், அறுவகைத் தேவகணத்தார், அசுரர், நரகர், விண்மீன்கள், நாள்கள், கோள்கள் என ஒருவர் எஞ்சாமல் வந்தனர். வந்தவர் அனைவரும் கூறிய விடை ஒன்றே: "இயலாது."

கண்ணிழந்த தாய் ஒருத்தி. அவள்முன் பேரண்டமே திரண்டு நிற்கின்றது. ஆயினும் ஒரு பிள்ளையின் உயிரை மீட்க அதனால் முடியவில்லை. கோதமை மகனை ஈமத்திலேற்றித் தானும் இறந்தாள். அண்டம் முழுதும் வந்து நின்ற இடமாதலின், நடுவில் மேருமலை, அதனைச் சூழ ஏழு மலைகள், நான்கு பெருந்தீவுகள், ஈராயிரம் சிறுதீவுகள் என உலகத் தொகுதியின் உருவத்தை மயன் அங்கே மண்ணீட்டில் அமைத்தான். அதனால் அவ்விடம் சக்கரவாளக் கோட்டம் ஆயிற்று.

பெரியவரின் வினாவுக்கு விடை இவ்வொரு காதையிலேயே கிடைத்துவிட்டது. பேய் சிறிதுதான், பேய்க்கு அப்பால் விரிந்து கிடக்கும் வெளியின் மௌனமே பெரிது. பின்னர்க் காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டு, திருவாலங்காட்டுச் சுடலையில் இறைவன் ஆடும் கூத்தைப் பாடினார். சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்கென ஓர் உலகையே படைத்தார். பெருகிக் கிடக்கும் இச்செல்வத்தை விரிப்பிற் பெருகும், மேலே செல்வோம்.

அச்சேறிய அச்சம்

வாய்வழியாகவும் ஏட்டின் வழியாகவும் வந்த இவ்வச்சம், இருபதாம் நூற்றாண்டில் பத்திரிகைக்கு அனுப்பும் சிறுகதையாக உருமாறியது. 1930களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் சிறுகதைப் போட்டி நடத்தியது. அதில் பரிசு பெற்று எழுத்துலகிற்கு வந்தவர் பி. எஸ். ராமையா. 1933 இல் தோன்றிய மணிக்கொடி, 1935 இல் அவர் பொறுப்பில் சிறுகதைக்கென்றே உரிய ஏடாயிற்று. பெயரறியாத இளைஞர்களின் கதைகள் தபாலில் வந்தன, அச்சேறின, தமிழ்ச் சிறுகதை தலைநிமிர்ந்தது.

அவ்வேட்டில் ஒளிவீசியவருள் தலையானவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1906 இல் பிறந்து 1948 இல் மறைந்தார். வாழ்ந்தது நாற்பத்திரண்டு ஆண்டுகளே. வறுமையும் காசநோயும் அவரை வாட்டின. ஆயினும் திகில் கதைக்குத் தமிழில் புதுத்தடம் அமைத்தவர் அவரே. 1943 இல் வெளிவந்த 'காஞ்சனை'யில் பேய் பாய்ந்து வருவதில்லை. நள்ளிரவில் விளங்காத ஒரு வாடை, வாயிலில் வந்து நின்று வேலைக்கு அமர்ந்துகொள்ளும் ஒரு பிச்சைக்காரி, அவ்வளவே. அவள் யார் என்று கதை அறுதியிட்டுக் கூறுவதில்லை. அவ்வையமே படிப்பவரை உறங்கவிடாமற் செய்கின்றது.

கடலடி நகரங்கள் இரண்டு

அவருடைய 'கபாடபுரம்' என்னும் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. இடைச்சங்கம் கபாடபுரத்தில் இருந்தது என்றும், அந்நகரைக் கடல் கொண்டது என்றும் இறையனார் களவியலுரை கூறும். வரலாற்றறிஞர் இதனை மெய்ந்நிகழ்ச்சியாக ஏற்பதில்லை. எனினும் தமிழ் நெஞ்சில் அலையோசையாக அந்நினைவு நிலைத்திருக்கின்றது. கடல் கொண்ட அந்நகருக்குள்ளேயே கதை சொல்பவனை அனுப்பிவைத்தார் புதுமைப்பித்தன்.

அமெரிக்க நாட்டில் எச். பி. லவ்கிராஃப்ட் என்பவர் 1928 இல் வெளிவந்த தம் கதையொன்றில், பசிபிக் பெருங்கடலின் அடியில் மூழ்கிக் கிடக்கும் நகரத்தையும், அங்கே துயிலும் பேருருவையும் படைத்தார். பெரியவர் 'அமெரிக்கச் சரக்கு' என்று குறித்தது இவர் வழிவந்த கதைகளையே. அக்கதையை 'வியர்டு டேல்ஸ்' என்னும் இதழின் ஆசிரியர் முதலில் ஏற்காமல் திருப்பிவிட்டார், பின்னரே வெளியிட்டார். 1931 இல் வேறொரு நெடுங்கதையும் அவரிடமிருந்து திரும்பி வந்தது. லவ்கிராஃப்ட் மனம் ஒடிந்தார். அது 1936 இல் பிறிதோர் இதழில் அச்சாயிற்று. 1937 இல் அவர் வறுமையில் இறந்தார். நண்பர் இருவர் பதிப்பகம் ஒன்று நிறுவி, 1939 இல் அவர் கதைகளைப் பெருந்தொகுதியாக வெளியிட்டனர். கதை திரும்பி வந்தது என்று சோர்வடையும் இளைஞர் இதனை நினைவிற் கொள்க.

அவரிடம் ஒரு பெருங்குறையும் உண்டு. நியூயார்க் நகரில் அவர் வாழ்ந்தபோது, பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழை மக்களைக் கண்டு அருவருத்தார். அவ்வருவருப்பையே கதைகளிலும் எழுதினார். வேற்று மொழி பேசி, வேற்று ஊரில் குடியேறிய மக்கள் அவர் கதையில் அச்சத்தின் உருவாயினர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம் இதனைப் படிக்கும்போது ஒரு கணம் நிற்கவே வேண்டும். அவருடைய அச்சம் நமக்கு உதவாது. நம் அச்சத்தை நாமே எழுதவேண்டும்.

சொந்தச் சரக்கு

எனவேதான் 'சொந்தக் கதையாதல் வேண்டும்' என்னும் நெறி இன்றியமையாதது. பிறநாட்டுக் கதையை ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் மாற்றித் தமிழ்க் கதையென்று தரும் தழுவல் முறை அந்நாளில் பெருகியிருந்தது. அதனைப் புதுமைப்பித்தன் கடுமையாக எதிர்த்து வாதிட்டார். பிறமொழிக் கதையை மொழிபெயர்ப்பென்று அறிவித்தே தருதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மேரி ஷெல்லியின் புகழ்பெற்ற திகில் நாவலை அவரே 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தார்.

ஆனால், காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! அவர் மறைந்த பின்னர்த் தொகுதிகளில் சேர்க்கப்பட்ட சில கதைகள், பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் கதைகளைத் தழுவியவை என்று ஆய்வாளர் காட்டினர். 'பயம்', 'கொலைகாரன் கை' என்னும் திகில் கதைகளும் அவற்றுள் அடங்கும். இவை அவரது தொடக்கக் கால முயற்சிகள். இதனால் அவர் பெருமை குன்றாது. அவ்விரண்டையும் 'காஞ்சனை'யோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். இரவல் அச்சம் ஒரு முறை திடுக்கிட வைக்கும். 'காஞ்சனை'யின் அச்சமோ எண்பது ஆண்டு கடந்தும் வாயிலில் நிற்கின்றது. அவரையே ஆசானாகக் கொள்வோர் இவ்விரு பாடங்களையும் அவரிடமே கற்கலாம்.

நம் ஊர் இரவு

அவ்வாறெனின் நம் சொந்தச் சரக்கு யாது? 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை போடப்பட்டது. அதன் வழியே வந்த நம் முன்னோர் மூட்டை முடிச்சோடு முனியையும் காட்டேரியையும் கதைகளாகக் கொண்டுவந்தனர். 1990களில் இந்நகரின் பல தெருக்களில், கதவுகளிலும் சுவர்களிலும் 'நாளெ பா' என்று கன்னடத்தில் எழுதிவைத்தனர். இரவில் ஒரு பெண்பேய் கதவு தட்டும். எழுத்தைப் படித்து 'நாளை வருவோம்' என்று திரும்பும். மறுநாளும் அவ்வாறே திரும்பும் என்பது வதந்தி. கன்னடமும் தமிழும் உடன்பிறந்த மொழிகளாதலின் நமக்கும் பொருள் எளிதில் விளங்கிற்று. அலுவலகங்களில் 'நாளை வாருங்கள்' என்று கூறும் எம்போன்றோரிடமிருந்தே மக்கள் இவ்வுத்தியைக் கற்றனரோ என்று நண்பர்கள் நகையாடுவதுண்டு.

கதவு தட்டும் ஓசை எனக்கு மற்றோர் இரவை நினைவூட்டும். 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டி இந்நகரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. யான் அப்போது பள்ளிச் சிறுவன். அன்னையார் விளக்கை அணைத்துவிட்டு எங்களை அணைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். தொலைவில் கூச்சல், பிறகு ஒலியே இல்லை. சாளரத்தின் வழியே விண்மீன்கள் தெரிந்தன. கீழே நடப்பது எதுவும் அவற்றுக்குத் தெரியாது என்று அன்று முதன்முதலாக உணர்ந்தேன். அவ்வுணர்வே என்னை நடுங்கச் செய்தது. அப்போது கதவு தட்டப்பட்டது. எவரும் அசையவில்லை. மீண்டும் தட்டப்பட்டது. "நான்தான் அம்மா" என்று மெல்லிய குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் பாலும் சோறும் கொண்டுவந்து நின்றிருந்தார். விடியும்வரை எங்களுடனேயே இருந்தார்.

அந்த ஆண்டு அல்சூர் ஏரியருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலையும் பதினெட்டு ஆண்டு மூடுண்டு நின்று, 2009 இல் திறக்கப்பட்டது. இரு மொழியாரும் கூடி நின்று அதனைக் கண்டனர். மூடிய துணிக்கு அப்பால் முகமொன்று இருந்ததுபோல, மூடிய கதவுக்கு அப்பால் நின்றவரும் மனிதரே.

இதுதான் லவ்கிராஃப்ட் அறியாத கதை. விண்ணின் மௌனம் அவருக்கும் நமக்கும் பொது. வாயிலில் நிற்கும் அயலார் யார் என்பதில்தான் வேற்றுமை. கோதமைக்கு அண்டம் உதவவில்லை. ஆனால் எங்களுக்கு அடுத்த வீடு உதவிற்று. அச்சத்தை மறைக்காமலும், அந்தப் பாற்சொம்பை மறக்காமலும் எழுதத் தெரிந்தவன் நம் காலனியில் பிறந்திருத்தல் வேண்டும்.

ஆதலின் தாய்மாரும் இளைஞரும் எழுதுக! ஊரில் பாட்டி கூறியதையோ, இரவுப் பணியில் கண்டதையோ எழுதுக. தாளின் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதுக. படியொன்று கைவசம் வைத்துக்கொள்க. திரும்பி வந்தால் திருத்தி மீண்டும் அனுப்புக. யானும் அவ்விரவைக் கதையாக எழுதத் தொடங்கியுள்ளேன். ஏற்பதும் மறுப்பதும் தொகுப்பாளர் உரிமை. வினவிய பெரியவரும் ஒரு முனிக்கதை வைத்திருப்பதாகக் கூறியுள்ளார். அதனை அவர் பேரன் எழுதித்தர இசைந்துள்ளான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!