பட்டுலின்

பட்டுத் துணிக்கும் இதற்கும் உறவில்லை. 'பட்டுலுஸ்' என்னும் லத்தீன் சொல்லுக்கு விரிந்து பரந்தது என்று பொருள். அதைக்கொண்டு பெனிசிலியம் பட்டுலம் என ஒரு பூஞ்சைக்குப் பெயரிட்டார்கள். அதிலிருந்து பிரித்த நஞ்சு பட்டுலின் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், 1940-களில் இதை மருந்தாகத்தான் பார்த்தார்கள். பிரிட்டனில் சளிக்குக் கொடுத்துச் சோதித்து, பலனில்லை என்று கைவிட்டார்கள். இன்று ஆப்பிள் சாற்றில் இது இருக்கிறதா என்று தேடுகிறோம். (ஆப்பிளை அழுகவைப்பது பெரும்பாலும் இதன் உறவுக்காரப் பூஞ்சையான பெனிசிலியம் எக்ஸ்பான்சம், அந்தப் பெயரிலும் பரவுதல்தான்!) சாற்றைச் சூடாக்கினாலும் நஞ்சு முழுதாக அழியாது. அதனால் அதைத் தனியே பிரித்து, புறஊதா ஒளியில் அளக்கிறார்கள். கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் உச்சவரம்பு. ஐரோப்பாவில் குழந்தை உணவுக்கு 10.