பாதி எழுத்து காரைக்கால் காசு

நாணயம் சேர்க்கிறவங்க மத்தியில 'எர்ரர் காயின்'னு ஒரு வார்த்தை ரொம்ப ஓடுது. அச்சு விலகின காசு, ரெண்டு தடவை குத்து விழுந்த காசு, எழுத்து காணாமப் போன காசு... எல்லாத்துக்கும் தனி விலை. எங்க காரைக்கால் காசுக்கும் இந்தப் பட்டத்தைக் கட்டி விக்கறாங்க. அந்த வயித்தெரிச்சல்தான் இந்தப் பதிவு :-)

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1739ல காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்தது. அப்போ வடக்கே தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க (1620லேயே வந்துட்டாங்க), தெற்கே நாகப்பட்டினத்துல டச்சுக்காரங்க (1658லேர்ந்து 1781 வரை). சுமார் 35 கிலோமீட்டர் கடற்கரையில மூணு தேசத்துக் கம்பெனி! இந்தப் பக்கம் மண்ணுல பழைய செப்புக்காசு கிடைச்சா அது யாருதுன்னு பார்க்கறதே ஒரு சுவாரசியம்.

பிரெஞ்சுக்காரங்க 1736ல ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான்கிட்ட அனுமதி வாங்கி புதுச்சேரியில வெள்ளி ரூபாய் அடிச்சாங்க. அதுல இருந்தது முகலாய பாதுஷா பேரு, பாரசீக எழுத்து. சந்தையில கீரை வாங்கறவனுக்கு ரூபாய் எதுக்கு? அவனுக்கு வேண்டியது செப்புக்காசு. நாம துட்டுங்கறதை அவங்க 'தூதூ'ன்னாங்க. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழ்ல 'புதுச்சேரி'. இந்தக் குடும்பத்துல இன்னொரு காசு உண்டு. ஒரு பக்கம் 'புதுச்சேரி', மறுபக்கம் 'காரைக்கால்'. ரெண்டு பக்கமும் தமிழ். ராஜா பேரும் இல்ல, தலையும் இல்ல. நம்ம ஊர்ப் பேர் மட்டும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். இந்தக் காசை எடுத்துப் பார்த்தா பெரும்பாலும் முழுப் பேர் தெரியாது. 'காரை' இருக்கும், 'க்கால்' இருக்காது. இல்லேன்னா மேல் பாதி வெட்டுப்பட்டிருக்கும். உடனே "அச்சுப்பிழை சார், அபூர்வம் சார்"னு நாலு மடங்கு விலை சொல்லுவாங்க.

அது பிழையே இல்லீங்க. அந்தக் காலத்துல கீழ் அச்சு கட்டையில பதிஞ்சிருக்கும். அதுமேல செப்பு வில்லை. மேல் அச்சைக் கையில பிடிச்சு சுத்தியால ஒரு போடு. அச்சு பெரிசு, வில்லை சின்னது. நடுவுல நிறுத்திப் பிடிக்க வளையமும் கிடையாது. எது வில்லை மேல விழுந்துச்சோ அதுதான் காசு. முழுப் பேர் விழுந்ததுதான் அபூர்வம். ராஜராஜ சோழன் காசுலயும் இப்படித்தான். உட்கார்ந்திருக்கற உருவத்துப் பக்கம் இருக்கற நாகரி எழுத்து பாதிக் காசுல முழுசா விழுந்திருக்காது.

எழுத்துப்பிழைன்னு சொல்றதும் ஜாக்கிரதையாப் பார்க்கணும். அந்தக் காலத்துல புள்ளி வைக்காம எழுதறது சாதாரணம். 'சே'க்கு இரட்டைக் கொம்பு போடறது வீரமாமுனிவர் காலத்துக்கு அப்புறம்தான் மெல்லப் பரவிச்சு. அதனால 'செ'ன்னு தெரிஞ்சா அடிச்சவன் தப்பு இல்ல, அன்னிக்குத் தமிழே அப்படி.

அப்போ நிஜப் பிழை எது? அடிச்ச காசு மேல் அச்சுலயே ஒட்டிக்கும். கவனிக்காம அடுத்த வில்லையை வெச்சு அடிச்சா, ஒரு பக்கம் சரியாவும் மறுபக்கம் அதே உருவம் குழிவா, கண்ணாடியில பார்த்த மாதிரி இடவலம் மாறியும் விழும். ரோமானிய தினாரிக் காசுகள்லகூட இது உண்டு. அடிக்கும்போது வில்லை நகர்ந்து ரெண்டாவது குத்து விழறதும் பிழைதான். ஆனா காசு வெளிய வந்தப்புறம் வெட்டினது, நசுக்கினது எல்லாம் பிழை இல்ல. 1898ல புதுக்கோட்டைச் சீமையில கிடைச்ச 501 ரோமானியத் தங்கக் காசுல முக்கால்வாசிக்கு மேல சக்கரவர்த்தி தலையில உளி வெட்டு. அது வேணும்னே பண்ணின வேலை.

இதுல என்ன நஷ்டம்னு கேக்கறீங்களா? பாதிப் பாதிக் காசு பத்து சேர்ந்தாத்தான் மூல அச்சு எப்படி இருந்துச்சுன்னு வரைஞ்சு பார்க்க முடியும். ஒண்ணுல இல்லாத எழுத்து இன்னொண்ணுல இருக்கும். 'அபூர்வப் பிழை'ன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பெட்டிக்குப் போனாலும் போச்சு, 'தேறாத காசு'ன்னு பழைய செம்போட உருக்கினாலும் போச்சு. எந்த ஊர் மண்ணுல கிடைச்சதுங்கற தகவலும் கூடவே போயிடுது.

சட்டமும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. மண்ணுல புதையல் கிடைச்சா 1878ம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும். நூறு வருஷம் தாண்டின காசை வெளிநாட்டுக்கு அனுப்பறது 1972ம் வருஷச் சட்டப்படி கூடாது.

வீட்டுல பச்சை பிடிச்ச காசு இருந்தா புளி போட்டுத் தேய்க்காதீங்க, இருக்கற எழுத்தும் போயிடும். ரெண்டு பக்கமும் படம் எடுத்து, எடை, கிடைச்ச ஊர் எழுதி வைங்க. உங்ககிட்ட 'க்கால்' இருந்தா சொல்லுங்க மக்களே, 'காரை' நம்மகிட்ட இருக்கு!