டெபியன் பொதிக் கட்டுமானக் கணினிகள்

டெபியன் இயங்குதளத்துக்கான மூல நிரல்களை, வெவ்வேறு வகைச் செயலிகளில் இயங்கும் பொதிகளாகத் தாமாகவே மாற்றித் தரும் கணினிகளின் வலையமைப்பு. டெபியன் வட்டாரத்தில் இக்கணினிகளை 'பில்டு-டி' என்பர். தன்னார்வலர்கள் தங்கள் சொந்தக் கணினிகளைப் பொதுப்பணிக்குத் தந்ததில் இருந்து இவ்வமைப்பு வளர்ந்தது.

தேவை

மூல நிரல் ஒன்றே ஆனாலும், அதிலிருந்து உருவாகும் இயக்கக் கோப்பு செயலிக்குச் செயலி மாறும். இயான் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிய டெபியன், முதலில் இன்டெல் வகைக் கணினிகளுக்கு மட்டுமே வெளிவந்தது. 1998 ஜூலையில் வெளியான 2.0 பதிப்பில் மோட்டரோலா 68000 குடும்பச் செயலிகளும் சேர்ந்தன. அமிகா, அட்டாரி, பழைய மேக்கின்டாஷ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பொதியை உருவாக்கும் பராமரிப்பாளர்கள் பெரும்பாலோரிடம் இத்தகைய கணினி இருக்கவில்லை. அதனால் இருந்தவர்களே மற்றவர்களின் பொதிகளையும் கட்டித்தர வேண்டியதாயிற்று. கணினிகளோ வேகம் குறைந்தவை. பெரிய பொதி ஒன்றைக் கட்டி முடிக்க நாள்கணக்கில் ஆகும். ஒரே பொதியை இருவர் கட்டினால் அவ்வளவு உழைப்பும் வீண்.

செயல்படும் முறை

இச்சிக்கலைத் தீர்க்க, மோட்டரோலா பிரிவைச் சேர்ந்த ரோமன் ஹோடெக் எழுதிய நிரல்களே பின்னர் மற்றச் செயலி வகைகளுக்கும் பொதுவாயின. அவை மூன்று:

- வானா-பில்டு: எந்தப் பொதி காத்திருக்கிறது, எதை யார் எடுத்துக்கொண்டார், எது தோற்றது, எது வேறொரு பொதிக்காக நிற்கிறது என்பதைப் பதியும் தரவுத்தளம்.
- பில்டு-டி: அத்தரவுத்தளத்திடம் வேலை கேட்டு வாங்கும் பின்னணி நிரல்.
- எஸ்-பில்டு: கணினியின் மற்றக் கோப்புகளில் இருந்து ஒதுக்கிவைத்த சூழலில், தேவையான துணைப்பொதிகளை நிறுவி, கட்டுமானத்தை நடத்தும் நிரல்.

தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டுமானத்தின் பதிவையும் கணினியின் பொறுப்பாளர் மின்னஞ்சலில் பெற்று, சரிபார்த்து, தம் மின்னொப்பம் இட்ட பிறகே பொதி டெபியனின் களஞ்சியத்துக்குச் செல்லும். பின்னாளில் கணினியே ஒப்பமிடும் முறை வந்தது.

நம்பகம்

பிறர் வீட்டில் உருவான பொதியை நம்புவது எப்படி என்பது இம்முறையின் அடிப்படைச் சிக்கல். கட்டும் கணினியில் தீநிரல் புகுந்தால், மூல நிரல் தூய்மையாக இருந்தும் பொதி கெட்டுவிடும். மூல நிரலை இயக்கக் கோப்பாக மாற்றும் தொகுப்பியே ஏமாற்றக்கூடும் என்று கணினி அறிஞர் கென் தாம்சன், 1984இல் அச்சில் வெளியான தம் டூரிங் விருது உரையில் விளக்கியிருந்தார். இன்று அதிகாரப்பூர்வ வெளியீட்டுக்கான கட்டுமானக் கணினிகளை டெபியனின் கணினி நிர்வாகக் குழு பராமரிக்கிறது. 2013இல் டெபியனில் தொடங்கிய மறுஉருவாக்கக் கட்டுமான முயற்சி வேறொரு வழியைத் தந்தது: ஒரே மூல நிரலை யார் எங்கே கட்டினாலும் பைட்டுக்குப் பைட்டு ஒரே கோப்பு வர வேண்டும். அப்படி வந்தால், ஒருவர் கட்டிய பொதியை மற்றவர் தம் கணினியிலேயே சரிபார்க்கலாம்.

இன்றைய நிலை

2019 முதல், பராமரிப்பாளர் தம் கணினியில் கட்டிய பொதி அடுத்த வெளியீட்டுக்கான 'டெஸ்டிங்' பிரிவுக்குள் நுழைய முடியாது. கட்டுமானக் கணினியில் உருவானதே ஏற்கப்படும். 2007 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்பில் மோட்டரோலா 68000 இடம்பெறவில்லை. எனினும், வெளியீட்டில் சேராத செயலி வகைகளுக்கான 'டெபியன் போர்ட்ஸ்' பிரிவில், தன்னார்வலர்களின் கணினிகள் அதற்கான பொதிகளைத் தொடர்ந்து கட்டிவருகின்றன.