லேத்துல ஒரு கூம்பு, சிரிஞ்சுல ஒரு கூம்பு

1/ போன மாசம் ஓபியில் ஒரு டர்னர் அண்ணன். மங்கலம்பேட்டை பக்கம் லேத் பட்டறை. உள்ளங்கையில் ஆழமான வெட்டு. "ஸ்லீவ் நழுவிடுச்சு சார், ட்ரில் சுத்துச்சு, கையால பிடிச்சிட்டேன்"னார். தையல் போட்டுக்கிட்டே கேட்ட கதையும், அப்புறம் படிச்சதும்தான் இந்த இழை.

2/ 1860கள் வரைக்கும் உலோகத்தில் துளை போட பெரும்பாலும் தட்டையான ட்ரில்தான். கொல்லர் அடிச்சுத் தர்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஸ்டீபன் மோர்ஸ், 1863ல் முறுக்கு ட்ரில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு ஹார்ட்வேர் கடையில் வாங்குற ட்ரில் அதோட வாரிசு.

3/ ட்ரில்லை மெஷினில் எப்படிப் பிடிக்கிறது? அதுக்கு வந்ததுதான் மோர்ஸ் டேப்பர். போல்ட் இல்ல, மரை இல்ல. கூம்பான தண்டு, அதே கூம்பில் துளை. உள்ளே தள்ளினா கவ்விக்கும். அவ்வளவுதான்.

4/ ஏன் கவ்வுது? 100 மி.மீ. நீளத்துக்கு விட்டம் சுமார் 5 மி.மீ. தான் மாறும். சுவரின் சாய்வு ஒரு பக்கம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி. இவ்வளவு மெல்லிய சரிவில் உராய்வே ஜெயிச்சுடும், தானா வெளியே வராது. மில்லிங் மெஷினில் சரிவு அதிகம், அதனாலதான் அங்க பின்னாலிருந்து போல்ட் போட்டு இழுக்கணும்.

5/ அளவு 0 முதல் 7 வரை. 2ம் நம்பரின் பெரிய முனை 17.78 மி.மீ., 3ம் நம்பர் 23.825. டெயில் ஸ்டாக்கில் 3ம் நம்பர் துளை, கையில் 2ம் நம்பர் ட்ரில்னா நடுவுல ஒரு ஸ்லீவ்: வெளியே 3, உள்ளே 2. ஸ்லீவிலிருந்து ட்ரில்லைக் கழட்ட, பக்கவாட்டுத் துளையில் ஆப்பு வெச்சு லேசா ஒரு தட்டு.

6/ வினை எங்க? ஒரு சுருள், ஒரு துளி கிரீஸ். கூம்பு முழுசா ஒட்டாம ரெண்டு இடத்துல மட்டும் தொடும். ட்ரில் வேலைப் பொருளில் சிக்கினா, பொருளோட சேர்ந்து ட்ரில்லும் ஸ்லீவுக்குள்ள சுத்தும். உள்சுவரில் கோடு விழும். கோடு விழுந்த ஸ்லீவ் மறுபடி சரியா பிடிக்காது. அண்ணனோட ஸ்லீவும் அப்படித்தான் ஆகியிருந்துச்சாம்.

7/ இப்போ நம்ம வார்டு. சிரிஞ்சு முனையும் ஊசி அடியும் சேர்ற இடத்தைப் பாருங்க. அதுவும் கூம்புதான்! 1890களில் பாரிஸின் லூயர் நிறுவனத்திலிருந்து வந்தது. அங்க 100க்கு 5, இங்க 100க்கு 6. தினமும் அழுத்தித் திருகுறோம், யோசிச்சதே இல்ல.

8/ இடுப்பு மாற்று அறுவை சிகிச்சையிலும் அதே. தொடை எலும்புக்குள்ள போற உலோகத் தண்டின் கழுத்து ஒரு கூம்பு. அது மேல பந்து. எலும்பு டாக்டர்கள் இதையும் மோர்ஸ் டேப்பர்னுதான் சொல்வாங்க. பந்து பல நேரம் பீங்கான்! 1970ல் பிரான்ஸில் பியர் பூத்தான் பீங்கான் இடுப்பைத் தொடங்கி வெச்சார். விருத்தாசலம் பீங்கான் ஊர்க்காரங்க பெருமையா கேட்டுக்கலாம் 🙂

9/ அந்தப் பந்தை மாட்டும் முன் கூம்பைத் துடைச்சு உலர்த்தணும். ரத்தமோ எலும்புத் துகளோ இருந்தா பிடிப்பு குறையும், நாளடைவில் தேய்மானம், அரிப்பு. பட்டறையிலும் தியேட்டரிலும் ஒரே விதி: துடைச்சிட்டு மாட்டு.

10/ லேத் வேலை பாக்குற அண்ணன் தம்பிகளுக்கு:
- மாட்டும் முன் கூம்பு, துளை ரெண்டையும் சுத்தமான துணியால் துடைங்க.
- சந்தேகம்னா மார்க்கிங் நீலம் மெல்லிசா தடவி, மாட்டி, லேசா திருப்பிப் பாருங்க. நீளம் முழுக்கப் பரவலா ஒட்டணும்.
- கோடு விழுந்த ஸ்லீவைத் தூக்கிப் போடுங்க.
- ட்ரில் சுத்துதா? கை வைக்காதீங்க. மெஷினை நிறுத்துங்க. க்ளவுஸ் போட்டுக்கிட்டு லேத் ஓட்டவே கூடாது, கையையே இழுத்துடும்.

11/ அண்ணனுக்கு நல்லவேளை தசைநாண் தப்பிச்சுது. தையல் பிரிக்க வந்தப்போ, "புது ஸ்லீவ் வாங்கிட்டேன் சார்"னு சிரிச்சார். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து அது.